அப்பாவின் கை ஒடிந்தது எப்படி

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் ஒரு கெட்டதை எழுதாமல் எனக்குப் பேனா ஓடவில்லை.

அப்பா கீழக்குயில்குடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, மாட்டு வண்டி ஓட்டித் தங்கைகள் இருவரையும் கரையேற்றினார். பிறகு கோச்சடையில் வைக்கோல் வியாபாரம். எங்களையோ மாட்டையோ அவர் கை நீட்டி அடித்ததே கிடையாது.

எழுபதை நெருங்கியபோது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை. அண்ணன் டவுனில் தன் டாக்டரிடம் அழைத்துப் போனார். நான் மட்டும் இளைத்தவனா? திருப்பரங்குன்றத்தில் என் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு டாக்டரைப் பற்றி மற்ற டாக்டரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று அண்ணனும் நானும் வாயே திறக்கவில்லை. அண்ணன் வாங்கிய மாத்திரைகளை மதினி கொடுத்தார், நான் வாங்கியவற்றை நான் கொடுத்தேன்.

பத்தே நாளில் அப்பா வேறு ஆளானார். சோறு போட்ட அம்மாவை, "யாருடி நீ? என் வீட்டுக்குள்ள எப்பிடி வந்த?" என்று செம்பால் அடித்தார். அம்மாவின் நெற்றி பிளந்து சோற்றுத் தட்டெல்லாம் ரத்தம். தடுத்த அண்ணனின் விரலைக் கடித்துக் குதறினார். மாட்டுக் கயிற்றால் தூணில் கட்டினோம். பேயோட்டும் கோடாங்கியைக் கூப்பிடச் சொன்னார்கள் சிலர். மறுநாள் மத்தியானம் கயிற்றை உருவிக்கொண்டு, அருவாளோடு அம்மா மேல் பாய்ந்தார். நான் உலக்கையை எடுத்து அவர் கையில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "அம்மா" என்று குழந்தையாக அலறினார்.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நர்சம்மா, "வீட்டுல இருக்குற மாத்திரை அம்புட்டையும் அள்ளிட்டு வாங்கண்ணே" என்றார். மதினி மஞ்சப்பையில் கொண்டுவந்தார். டாக்டர் மேசையில் கொட்டிப் பார்த்தார்.

"இந்த ரெண்டு அட்டையும் ஒரே தூக்கமாத்திரைப்பா, கம்பெனி வச்ச பேருதான் வேற. வயசான உடம்பு இம்புட்டத் தாங்குமா? புத்தி பேதலிச்சுப் போச்சு. நீங்களா சட்டுனு நிறுத்திறாதீங்க, நான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கிறேன்."

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அண்ணனும் நானும் போட்டி போட்டுக் கொடுத்ததுதான் அப்பாவைப் பிடித்து ஆட்டியது.

இரண்டு வாரத்தில் தெளிந்தார். நடந்தது எதுவும் நினைவில்லை.

"கை எப்பிடிய்யா ஒடஞ்சுச்சு?"

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டீகப்பா."

"பாத்து நடக்காமப் போனேனே. என்னால ஒனக்கு எம்புட்டு அலைச்சல்!"

அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தார். எல்லா மாத்திரையும் மதினியின் பொறுப்பு. எந்த டாக்டரிடம் போனாலும், அப்பா சாப்பிடும் மருந்தெல்லாம் எழுதிய தாளை முதலில் நீட்டிவிட்டுத்தான் உட்காருவார். கோணலாகக் கூடிய அந்தக் கை என் கைக்குள் இருக்க, அப்பாவின் மூச்சு அடங்கியது.

ஆஸ்பத்திரி டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் மதினிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கை ஒடிந்தபோது பழம் வாங்கிவந்து விசாரித்த சொந்தபந்தங்களுக்கும் நன்றி. உங்கள் எல்லாரிடமும் அப்பா வழுக்கி விழுந்தார் என்றே சொன்னேன். அப்பா விழவில்லை. நான்தான் அடித்தேன்.