மரத்தூள் அடைத்த கியர் பெட்டி

யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், ஒரு மோட்டார் ஷெட்டில் பிட்டராக இருந்தேன். அந்த ஷெட்டு முதலாளியைப் போன்ற ஓர் அற்பனை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. வெள்ளைக் கோட்டும் டையும் இல்லாமல் உள்ளே கால் வைக்க மாட்டார். அவர் கையில் எண்ணெய் பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் வருகிறவர்களிடம் பேசும்போது மோட்டாரை அவரே பெற்று வளர்த்த மாதிரி இருக்கும். கியர் பெட்டியில் பேரிங் போய்விட்டது என்று சொன்னால் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பெட்டி இருப்பது டிரைவர் காலடியில்.

ஊரை விட்டுப் போகும் துரைமார்களிடம் பழைய கார்களை வாங்கி, பெயிண்ட் பூசி விற்பதுதான் அவர் பிழைப்பு. அப்படி வந்த ஒரு காரில் இரண்டாவது கியர் போட்டால் நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். பெட்டியை இறக்கிப் பிரித்தேன். பல்சக்கரங்களில் பல் தேய்ந்து கூர்ந்திருந்தது. பின் பேரிங் கையை வைத்தாலே ஆடியது. மாற்றியாக வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் யாருப்பா மாத்தறது? பக்கத்து மில்லுல மரத்தூள் கெடக்குதில்ல? ஸ்வல்ப சலிச்சு எடுத்துட்டு வா. கெட்டி எண்ணெயில கொழச்சு உள்ள தள்ளு. சத்தம் நின்னுடும்" என்றார்.

சத்தம் நின்றுவிடும் என்பது உண்மைதான். தூள் பற்களுக்கிடையே பஞ்சு மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் எண்ணெயை எல்லாம் அதுவே குடித்துவிடும். பேரிங் காய்ந்து, சூடேறி, ஒரு நாள் இறுகி நிற்கும். இது தெரிந்துதான் சலித்தேன், தெரிந்துதான் குழைத்தேன். முணுமுணுக்கக்கூட இல்லை.

காரை வாங்க வந்தவர் ஆனேக்கல் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். தானே ஓட்டுவார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்த முதலாளியை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"கியர் பெட்டியைத் தொறந்து பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"நல்லா இருக்குதா?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

இரண்டு மாதம் ஆகவில்லை. ஒரு நண்பகலில் லாரி ஒன்று அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டு வாசலில் விட்டது. டீச்சரம்மா இறங்கினார். கையில் மூடி போட்ட எனாமல் சட்டி. ஹாஸ்டல் பிள்ளை ஒன்றைக் கடும் ஜுரத்தோடு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள் கூட்டி வந்தபோது, வழியில் அத்திபெலே தாண்டி கியர் இறுகிக் கார் நின்றுவிட்டதாம். பஸ் வரும்வரை அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளை பிழைத்துக்கொண்டது என்பதையும் சொன்னார்.

முதலாளி டையைச் சரிசெய்துகொண்டார். "என்ன பண்றது டீச்சரம்மா, கியர் போடறது லேசுப்பட்ட வேலையா? பொம்பளைங்க கைக்கு அது அடங்காது."

டீச்சரம்மா சட்டியை அவர் மேஜைமேல் வைத்து மூடியை எடுத்தார். அத்திபெலேயில் ஒரு லாரி டிரைவரை விட்டுப் பெட்டியின் அடித்திருகைக் கழற்றி எடுத்த கசடு. கரி நிறத்தில் கூழாக இருந்தது. விரலால் கொஞ்சம் எடுத்து மேஜை விளிம்பில் தேய்த்தார். சிராய் சிராயாக மரத்தூள்.

"இது என்ன?"

முதலாளி சட்டியைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். "அடப்பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்கே? இந்த ஆளுங்களை நம்பினா இப்படித்தான் டீச்சரம்மா, நம்ம மானமே போகுது."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கதானே போடச் சொன்னீங்க" என்று கத்தினேன். நியாயத்துக்காகக் கத்தினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. பழி என் தலையில் விழுந்ததும்தான் உண்மை வந்தது.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "சொன்னா போட்டுருவீங்களா? இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியும்னுதானே உங்களைக் கேட்டேன்?"



பிறகு முதலாளியிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல இந்தச் சட்டியோட நிப்பேன். உங்ககிட்ட கார் வாங்கினவங்க பாதிப் பேர் அங்கதான் வர்றாங்க. இல்லேன்னா புதுப் பேரிங், புதுச் சக்கரம் போட்டுக் குடுங்க. நான் பக்கத்துல இருந்து பாப்பேன்."

வெள்ளைக் கோட்டு ஒரு நொடியில் குழைந்துவிட்டது. "ஏன் டீச்சரம்மா கோவப்படறீங்க, செஞ்சு குடுத்தா ஆச்சு" என்று இளித்தார். அன்று மத்தியானம் தலைவலி என்று வீட்டுக்குப் போனவர் வேலை முடியும்வரை ஷெட்டுப் பக்கம் வரவில்லை.

மூன்று நாள் வேலை. டீச்சரம்மா தண்டில் தங்கை வீட்டிலிருந்து காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பெட்டியை மண்ணெண்ணெயில் நாலு தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் மூலையிலிருந்து தூள் வந்துகொண்டே இருந்தது. என் கைப்பட அடைத்தது. தட்டில் வடித்து அவரிடம் காட்டினால், "இன்னொரு தடவை" என்பார். புதுச் சக்கரங்களைக் கோத்து, பேரிங்கை அடித்து இறக்கி, கனத்த காகிதத்தில் வாஷர் வெட்டி மூடினேன். எண்ணெய் ஊற்றும்போது எழுந்து வந்து, டின்னை வாங்கி மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

முடிந்ததும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பக்கத்துக் கதவைத் திறந்தார். "ஏறுங்க. ஆனேக்கல் வரைக்கும் வாங்க. வழியில நின்னா நீங்கதான் தள்ளணும்."

ஏறினேன். கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரைத் தட்டி, கியரை இறக்கினார். ஒரு உராய்வுகூட இல்லை. எங்கள் ஷெட்டில் அப்படிக் கியர் போடுகிறவன் ஒருவனும் கிடையாது. ஏற்றங்களில் இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் இழுத்தது. ஆனேக்கல் பஸ் நிற்கும் இடத்தில் நிறுத்தி, "எறங்கிக்குங்க" என்றார். நான் கும்பிட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்த வேலையை விட்டேன். முதலாளிக்கு ஒரு குறையும் வரவில்லை. யுத்தத்தில் பழைய லாரிகளை விற்றுப் பெரிய மனிதராகி, கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காரத் தொடங்கினார். ஒரு முறை எதிரே வந்து, "என்னப்பா, சௌக்கியமா?" என்று கை நீட்டினார். மிருதுவான, சுத்தமான கை. நான் அதைத் தொடவில்லை.