பர்மனெண்ட் என்று கேட்டது

கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று சொன்னது நான்தான். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. குறிஞ்சிப்பாடிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று மகளும் மருமகனும் கூப்பிட்டார்கள். அவர்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டது. இதை வைக்க அங்கே இடமில்லை.

மகள் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைக் காலி செய்த குடும்பம் ஒன்று போகும்போது விற்றது. நான் மைன்சில் கான்ட்ராக்ட். பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. கம்ப்யூட்டரில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். திரையின் மூலையில் சின்னதாக ஒரு படம் இருக்கும். அதை இரண்டு தட்டு தட்டினால் என் மனைவி வருவாள்.

கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க மகள் எடுத்த வீடியோ. ஒன்றரை நிமிஷம். எடுப்பது அவளுக்குத் தெரியாது. கையில் சோற்றுத் தட்டோடு வந்து மகளைத் திட்டுவாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். போட்டோ நாலைந்து இருக்கிறது. குரல் இது ஒன்றில்தான். மகளின் பழைய போனில் இருந்ததெல்லாம் அது தண்ணீரில் விழுந்தபோதே போயிற்று.

மற்றது எது போனாலும் சரி. அது மட்டும் வேண்டும். பென் டிரைவ் ஒன்று வாங்கினேன். மகள் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"யப்பா, வலது பக்கத்துப் பட்டன அமுக்கு. லிஸ்ட்டு வருதா?"

"வருது."

"அதுல காப்பின்னு இருக்கும். சி, ஓ, பி, ஒய். எழுத்து தெரியுதா?"

"தெரியுது. பள்ளிக்கூடமே போவாதவன்கிட்ட கேக்கற மாதிரி கேக்கற."

"ஆறாவதோட நின்னவருகிட்டதான கேக்கறன்."

முடிந்தது. பென் டிரைவில் அந்தப் படம் வந்துவிட்டது. தட்டிப் பார்த்தேன். வந்தாள், திட்டினாள், சிரித்தாள். மகள் போனை வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்க வேண்டும். சரியாக ஏறியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்க்க நினைத்தேன். வலது பட்டனை அமுக்கினேன். லிஸ்ட் வந்தது. கை எங்கேயோ பட்டது. ஒரு கட்டம் வந்து நின்றது. உள்ளே இங்கிலீஷில் ஒரு வரி. அந்த வரியில் ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்தது. பர்மனெண்ட்.

இருபத்திரண்டு வருஷம் பார்த்த வார்த்தை. கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனெண்ட் ஆக்கச் சொல்லி மைன்ஸ் கேட்டில் கட்டின பேனரில், நோட்டீசில், நான் கையெழுத்துப் போட்ட மனுவில். இங்கிலீஷில் என் பெயருக்கு அடுத்து எனக்கு அடையாளம் தெரிவது அதுதான். இங்கே வாலில் இரண்டு எழுத்து கூட இருந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பர்மனெண்ட் ஆக்கட்டுமா என்று கேட்கிறது என்று நினைத்தேன். என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. யெஸ் என்று அமுக்கினேன். வேறு என்ன அமுக்குவேன்.

படம் மறைந்தது. பத்திரமாக உள்ளே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பென் டிரைவைப் பிடுங்கி, மனைவியின் மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன்.

மறுநாள் மெஷினை ஆட்டோவில் ஏற்றி பஜாரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர்.

"அண்ணே, சிஸ்டம் மொத்தத்தையும் அழிச்சிடுவேன். உள்ள ஏதாவது வேணுமா? அப்புறம் கேட்டா வராது."

"எடுத்துட்டேன். அழிங்க."

அழித்தார். வெகு நேரம் ஓடியது. முடிந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. புது சிஸ்டத்தை வாங்குகிறவர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம் என்றார். பிறகு பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பழுப்பு நிறத்தில் கரித் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது.

"என்னாண்ணே, உள்ள ஒரு மைன்சே ஓடுது. மைன்ஸ் ஆபீசுல பாத்தா இதையும் கரி கணக்குல சேத்துக்குவாங்க."

"எல்லாம் என் சட்டையில வந்ததுதான்."

"தொடச்சிக் குடுங்க. பாக்க நல்லா இருந்தாதான் எடுப்பாங்க."

கடை வாசலில் உட்கார்ந்து துடைத்தேன். பெயிண்ட் பிரஷ்ஷால் காற்றாடியைத் தட்டினேன். கீபோர்டைக் கவிழ்த்தேன். இரண்டு பருக்கை, ஒரு கடுகு, ஒரு ஊக்கு விழுந்தன. ஒயர்களைச் சுருட்டிக் கட்டினேன். மனம் கனமாக இல்லை. அவள் டப்பாவில் இருக்கிறாள் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சாமான் கட்ட வந்தாள். பென் டிரைவை டிவியில் சொருகினாள். ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி சொருகினாள்.

"யப்பா, இது காலியா இருக்குது. கடைசியா என்னா பண்ண?"

"பர்மனெண்ட்டான்னு கேட்டுச்சு. யெஸ் குடுத்தேன்."

அவள் டிவியை அணைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது அழிச்சிரட்டுமான்னு கேக்கறதுப்பா. திரும்ப வராதுன்னு அர்த்தம்."

"பர்மனெண்ட்டுன்னா எப்படி அழிக்கறது ஆவும்? மைன்சுல பர்மனெண்ட் ஆனவன் எவன் வேலைய விட்டுப் போனான்?"

அவள் பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

கடையில் மெஷின் அலமாரியில் இருந்தது. இன்னும் விற்கவில்லை. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதுல கெடைக்காதுங்க. யாரும் உங்க சமாச்சாரத்த எடுத்துரக் கூடாதுன்னு ரெண்டு தரம் அழிச்சேன்."

நல்லதுக்குத்தான் செய்திருக்கிறார். பென் டிரைவை வாங்கித் தன் மெஷினில் போட்டு எதையோ ஓடவிட்டார். மகள் அந்தப் படத்துக்கு வைத்த பெயர் ஒரு வரியாக வந்தது. தட்டினார். திறக்கவில்லை. வேறு ஒன்றில் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை.

"பேரு மட்டும்தாண்ணே நிக்குது." பிறகு கேட்டார், "மெஷின எடுத்துக்கினு போறீங்களா?"

"வேணாம். வந்த வெலைக்குக் குடுத்துருங்க."

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் அந்தப் படத்தில் அவள் அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"என்னாடி, அந்தப் பொட்டிய மொறச்சிகினு உக்காந்திருக்கற, சோறு ஆறுது."

"மொறச்சிகினு இல்லப்பா. பாத்துகினு."

"மொறச்சிகினுதான். நான் தெனமும் கேட்டவன்."

"எடுத்தது நான். எனக்குத் தெரியாதா? அதுவும் சோறு ஆறுதுன்னு சொல்லல. தட்டக் கழுவணும்னு சொன்னாங்க."

நான் விட்டுக் கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. போட்டுப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குறிஞ்சிப்பாடி பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மொறச்சிகினு என்றும் சொன்னேன். பாத்துகினு என்றும் சொன்னேன். இரண்டுமே என் மனைவி சொன்ன மாதிரிதான் இருந்தது.