குடத்திடம் பேசிய மச்சான்

என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் என் மச்சான் சில மாதங்கள் ஒரு பிளாஸ்டிக் குடத்திடம்தான் சொன்னான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே கொட்டகையில் வேலை செய்கிறோம். நான் அச்சில் மண் கரைசலை ஊற்றி கொலு பொம்மை எடுப்பேன். அவன் பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் வழித்து ஈரத்துணியால் துடைப்பான். எங்கள் நடுவில் குடிதண்ணீர்க் குடம் இருக்கும்.

"ஏ குடம், இந்தப் பலகையில பொம்மைங்க இன்னும் ஈரமா இருக்குது. கொஞ்சம் காய வச்சி அனுப்பச் சொல்லு."

"குடம், அக்காவுக்கு ஜொரம்னாங்களே, டாக்டர்கிட்ட போனாங்களா?"

நானும் குடத்தைப் பார்த்தபடியே பதில் சொல்வேன். "போயிட்டு வந்துட்டா. ஊசி போட்டாங்க."

ஊர் எங்களை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வீட்டு ஆட்களிடம் முகம் பார்த்துப் பேசினால் தண்டம் கட்ட வேண்டும், கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் விழுந்து எழ வேண்டும் என்று கட்டுப்பாடு. முகம் பார்த்து என்றுதான் சொன்னார்கள். அதனால் எங்கள் ஊரில் வேலிக்கும் ஆட்டுக்கும் சைக்கிளுக்கும் கூட என்மேல் அக்கறை வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் ஆட்டைத் தட்டிக்கொண்டே, "நாளைக்குக் கரண்டு இருக்காதாம்டி, தண்ணிய இன்னைக்கே புடிச்சி வச்சிக்க" என்று என் மனைவி காதில் விழச் சொல்வார்.

எல்லாம் ஒரு அறையால் வந்தது. என் வீட்டின் முன்பக்கம் ஒரு அறை சும்மா கிடந்தது. எங்கள் கம்பெனியில் பொம்மைக்கு மெருகுப் பூச்சு கொடுக்கும் ஒருவர், மனைவி மாசமாக இருக்கிறாள், இருக்கிற இடத்தில் காலி பண்ணச் சொல்கிறார்கள், அந்த அறையைத் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. சரி என்றேன். அவர் எங்கள் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று ஊர் நினைக்கிற சாதி. கம்பெனியில் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம், அங்கே அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. தெருவுக்கு வந்ததும் நினைவு வந்துவிட்டது.

ஊர்த் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆளாக என் மச்சான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏம்பா, நீ வாயில்லாப் பூச்சின்னு பார்த்தா பெரிய வேலையெல்லாம் பண்ற" என்றார் தலைவர். "இந்த மாசத்தோட அனுப்பிடு. நாங்களா வந்து சொன்னா நல்லா இருக்காது."

அவர்களிடமும் சரி என்றுதான் சொன்னேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அந்த அறை வாசலில் நிற்பேன். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "என்னாங்கண்ணா?" என்பாள். "குழாயில தண்ணி வருதாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். மாதம் முழுவதும் தண்ணீரைப் பற்றியே விசாரித்தேன். அவள் என் மனைவியிடம், "அண்ணனுக்கு எங்க மேல எவ்ளோ அக்கறைக்கா" என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. அவர்கள் போகவில்லை. நான் போகச் சொன்னால்தானே போவார்கள். ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது.

உண்மையைச் சொன்னால், ஊர் பேசாமல் போன முதல் சில நாட்கள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. டீக்கடையில் நின்று பேச வேண்டாம், கல்யாண வீட்டில் யார் பக்கத்தில் உட்காருவது என்று யோசிக்க வேண்டாம். பிறகுதான் தெரிந்தது, பேசாமல் இருப்பது வேறு, பேச விடாமல் வைப்பது வேறு. கடையில் சாமான் கேட்டால் கடைக்காரர் எனக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்து "உனக்கு என்னாப்பா?" என்பார். பால்காரர் எங்கள் வாசலில் மணி அடிக்காமல் போனார். முடி வெட்டக்கூட டவுனுக்குப் போனேன். என் மனைவி தெரு முழுக்கச் சொந்தம் உள்ளவள். சாயங்காலம் ஆனால் கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் கதவைச் சாத்திவிட்டு உட்கார ஆரம்பித்தாள்.

கம்பெனியிலும் அதேதான். காயாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றுவதுதான் வழக்கம். கீழே வைத்தால் அதிர்வில் விரிசல் விடும். மச்சான் என் கையிலிருந்து வாங்கப் பயந்தான். எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள். நான் பலகையைத் தரையில் வைப்பேன், அவன் எடுப்பான். ஒரு வாரத்தில் கழுத்தில் விரிசல் விட்ட பொம்மைகள் ஒரு மூலையில் குவிந்தன. மேஸ்திரி இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

முன்னறையில் குடியிருந்தவர்தான் ஒரு மனித உரிமைச் சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார். வெளியூரிலிருந்து ஒரு வக்கீலம்மாவும் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தார்கள். தரையில் உட்கார்ந்து என் மனைவி போட்ட டீயைக் குடித்துவிட்டு எல்லாம் கேட்டார்கள். முக்கால்வாசிக்கு மனைவிதான் பதில் சொன்னாள்.

"ஊர் இவ்வளவு மிரட்டியும் நீங்க அவங்களை அனுப்பலை. இந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராதுங்க ஐயா" என்றார் வக்கீலம்மா.

அது துணிச்சல் இல்லை, போ என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

புகார் கொடுக்கலாம், இது சட்டப்படி குற்றம், வந்து மிரட்டிய ஐந்து பேர் மேலும் வழக்கு வரும் என்று அவர் விளக்கினார். என் மனைவி டீ கிளாஸை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"அஞ்சு பேருல ஒருத்தன் என் தம்பிங்க. அவன் பேர மட்டும் எடுத்துட முடியாதா?"

"அவரை விட்டுட்டா மத்தவங்க, ஆளைப் பார்த்துப் போட்ட பொய்ப் புகார்னு சொல்வாங்கம்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். முன்னறையிலிருந்து அந்தப் பெண் இருமுவது கேட்டது. புகார் கொடுத்தால் மச்சான் ஜெயிலுக்குப் போவான். கொடுக்காவிட்டால் பிள்ளை பெறப்போகிறவள் தெருவுக்குப் போவாள். என்னை இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மூடி மண் பூசியதுபோல் இருந்தது. சூளையைத்தான் அப்படி மூடுவோம்.

புகாருக்கு முன்னால் ஒரு தடவை சமாதானக் கூட்டம் வைத்துப் பார்க்கலாம் என்று சங்கத்தார் தாலுக்கா ஆபீஸில் மனு கொடுத்தார்கள். எங்களையும் ஊர்க்காரர்களையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். அதிகாரி கேட்டதும் தலைவர் எழுந்து கும்பிட்டார்.

"ஒதுக்கறதா? இந்தக் காலத்துல யாருங்க சார் ஒதுக்கறாங்க? அவன் பொறந்ததுலேர்ந்தே பேச மாட்டான். அவன் பேசாததுக்கு ஊரு என்னா பண்ணும்?"

சிரித்தார்கள். என் பக்கம் உட்கார்ந்திருந்த சங்கத்து ஆட்களில்கூட ஒருவர் சிரித்தார்.

"நீங்க சொல்லுங்க. ஒதுக்கி வச்சிருக்காங்களா, இல்லையா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"உங்க வாயால சொல்லணும் ஐயா" என்றார் வக்கீலம்மா மெதுவாக. மறுபக்கம் என் மனைவி என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். சொல்லு என்று பிடித்தாளா, சொல்லாதே என்று பிடித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.  வாய் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

"பார்த்தீங்களா சார்" என்றார் தலைவர்.

அதிகாரி சலித்துப்போய் எதிர்வரிசையைப் பார்த்தார். "இவருக்குச் சொந்தக்காரங்க யாரு அங்க?"

மச்சான் எழுந்தான். "எங்க அக்கா வூட்டுக்காருங்க."

"ஒதுக்கலைன்னா சரி. இப்ப உங்க மாமாகிட்ட சாதாரணமா ரெண்டு வார்த்தை பேசுங்க. கூட்டத்தை முடிச்சிடலாம்."

மச்சான் தலைவரைப் பார்த்தான். அவர் பேசு என்று தலையசைத்தார். மச்சான் தொண்டையைச் செருமினான். என் பக்கம் திரும்பினான். ஆனால் மூலையில் தண்ணீர் கேன் ஒன்று இருந்தது. அவன் கண் தானாக அதன்மேல் போய் நின்றது.

"ஏ கேனு, மாமா சாப்ட்டாரான்னு கேளு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார்.

அதற்குமேல் யாரும் எதையும் மறுக்க முடியவில்லை. இனி யாரையும் ஒதுக்க மாட்டோம், குடியிருப்பவர்கள் இருக்கலாம், மீறினால் வழக்கு என்று எழுதி ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கு இல்லை, மச்சான் ஜெயிலுக்குப் போகவில்லை. என் மனைவி பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே சிரித்தாள். முன்னறையில் பெண் குழந்தை பிறந்தது.

எங்களுக்குக் கட்டுப்பாடு போய்விட்டது. தலைவரே டீக்கடையில், "வாப்பா, டீ சாப்பிடு" என்கிறார். பால்காரர் மணி அடிக்கிறார். ஆனால் என் மச்சானிடம் யாரும் பேசுவதில்லை. ஆபீஸில் ஊரைக் காட்டிக் கொடுத்தவன் அவன். இந்தத் தடவை கூட்டமும் இல்லை, அறிவிப்பும் இல்லை, தண்டமும் இல்லை. சும்மா பேசுவதில்லை. ஆட்டிடம்கூட அவனுக்காக யாரும் பேசுவதில்லை.

"மச்சான்கிட்ட கொஞ்சம் பார்த்துப் பழகுப்பா. இப்பதான் ஊரோட சேர்ந்திருக்க" என்றார் தலைவர், நேற்றுக் காலை டீயைக் கையில் கொடுத்து.

சரி என்றேன். டீயையும் குடித்தேன்.

வக்கீலம்மா ஒருமுறை போன் செய்து, "எல்லாரும் பேசறாங்களா ஐயா?" என்று கேட்டார். "பேசறாங்கம்மா" என்றேன். என்னிடம் பேசுகிறார்கள், அது பொய் இல்லை. மச்சானைப் பற்றிச் சொன்னால் மறுபடி புகார், மறுபடி கதவு, மறுபடி என் மனைவி நாற்காலியோடு உள்ளே உட்கார வேண்டும்.

கம்பெனியில் மச்சான் இப்போது குடத்திடமும் பேசுவதில்லை. பலகையைக் கையில் நீட்டினால் வாங்குகிறான், என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறான். நேற்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, அவன் தனியாகக் கத்தியால் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

போனை எடுத்து வக்கீலம்மா எண்ணை அழுத்தினேன். நானாக ஒருவரைக் கூப்பிடுவது எனக்கு வழக்கமில்லை. "சொல்லுங்க ஐயா" என்றார்.  குடத்தின்மேல் கண்ணை வைத்தேன்.

"இப்ப என் மச்சான ஒதுக்கி வச்சிருக்காங்கம்மா."

அவர் கேட்டார், "யார் யாருன்னு பேர் சொல்ல முடியுமா?"

கத்திச் சத்தம் நின்றிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றுக் காலை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவரின் பெயரை முதலில் சொன்னேன்.