குளியலறையில் தியேட்டர் விளக்கு

எங்கள் குடும்பத்து டார்ச்சைப் போல இருட்டில் கண் தெரிகிறவள் பூமியிலேயே கிடையாது. படம் ஆரம்பித்த பிறகு தட்டுத் தடுமாறி உள்ளே வருகிறவனுடைய சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது என்று கும்மிருட்டிலேயே சொல்லிவிடுவாள். அறுந்த பொத்தான் எந்த இருக்கைக்கு அடியில் உருண்டு கிடக்கிறது என்றும் சொல்லிவிடுவாள். சரி, இரண்டாவது நான் சேர்த்தது. முதலாவதிலும் பாதிதான் நிஜம்.

சினிமா தியேட்டரில் டிக்கெட்டைக் கிழித்து, கையில் டார்ச்சோடு ஆட்களை இருக்கை வரைக்கும் கூட்டிப்போய் விடுகிற வேலை அவளுக்கு. தலை கறுத்திருந்தபோது சேர்ந்தவள், நரைத்த பிறகும் அதே வாசலில்தான் நின்றாள். அதனால் டார்ச் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது; பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். படம் ஓடும்போது காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத் தடித்த ரப்பர் செருப்புப் போட்டுப் பழகியவள். வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை. கூடத்துக்கு ஒரு ஜோடி, குளியலறைக்கு ஒரு ஜோடி. “கண்ணுல வெளிச்சம் அடிக்கிறவன் போலீஸ்காரன், கால்ல அடிக்கிறவதான் நான்” என்று பெருமை பேசுவாள்.

தியேட்டரை இடித்தபோது வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்றாக ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் சுவர்க் கடிகாரத்தை எடுத்தார். படம் ஓட்டுகிற ஆபரேட்டர் தன் முக்காலியை எடுத்தார். டார்ச் எடுத்துவந்தவை, படிகளின் ஓரத்தில் கணுக்கால் உயரத்தில் எரிந்துகொண்டிருந்த பித்தளை விளக்குகள். துணிப்பையில் போட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்தாள்.

வீட்டில் அவளுக்கு அக்கா ஒருத்தர்தான். கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கட்டடமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இரண்டு பேருக்குமே கல்யாணம் அமையவில்லை. “ரெண்டு ஆம்பளைங்க தப்பிச்சாங்க, அவ்வளவுதான்” என்பார் டீச்சர்.

இவர்களுடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய். முதலில் பாதத்தில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு மரத்துப்போனது. பிறகு நகத்தோரத்தில் கடுகளவு புண். அப்புறம் அந்தப் பாதத்தை எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அம்மாவும் இல்லை. அதே நோய் டீச்சருக்கும் வந்திருந்தது. நள்ளிரவுக் காட்சி முடிந்து தனியாக வீட்டுக்கு நடந்து வந்தவளுக்கு, குடித்துவிட்டு வம்பு செய்கிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவளுக்கு, பயம் என்று ஒன்று இருந்தால் அது அக்காவின் காலைப் பற்றித்தான்.

நான்காவது மாடியில் அவர்கள் குடியிருந்த வீடு, இவர்களை விட வயதானது. குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரின் அடியில் ஓதம் ஏறி, பூச்சு பொங்கி, உப்புப் பூத்து, விரல் வைத்தால் மாவாகக் கொட்டும். வழுக்குகிற பழைய தரையில் அக்கா விழுந்து காலில் காயம் பட்டுவிட்டால் என்ற பயத்தில்தான் டார்ச் அந்த அறையைப் புதுப்பிக்கக் கிளம்பினாள்.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “சுவரு நல்லா தண்ணி குடிச்சு வெச்சிருக்கும்மா. மேல் வீட்டுக் குழாய்ல கசிவு இருக்கும், அதைப் பாக்கணும். இது காயணும். அதுக்கப்புறம் டைல்ஸ் ஒட்டலாம்.”

“எவ்வளவு நாள் காயணும்?”

“அதை சுவரைத்தான் கேக்கணும்.”

அதுவரை டீச்சர் எதிர்வீட்டில் போய்க் குளிக்க வேண்டும். எதிர்வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு படி. அந்தப் படியில் அக்கா கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் டார்ச் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பொறுக்க முடியவில்லை. “ஒட்டுங்க, பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். கொத்தனாரும், உங்கள் சுவர் உங்கள் இஷ்டம் என்று ஈரச் சுவர் மேலேயே வெள்ளை வெளேரென்று டைல்ஸை ஒட்டிவிட்டுப் போனார். ஓதம் கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததைப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

விளக்குப் போட ஆபரேட்டரைக் கூப்பிட்டாள். தியேட்டரில் மின்சார வேலை எல்லாம் அவர்தான் பார்ப்பார்.

“குளிக்கிற எடத்துல கணுக்கால் உயரத்துல விளக்கா? டீச்சரக்கா என்ன, படம் பாக்கவா போறாங்க?” என்றார் ஆபரேட்டர்.

“தலைக்கு மேல போட்டா அவ நிழல் அவ கால்லயே விழும். எங்க மிதிக்கிறோம்னு தெரியாது. கீழ போடு.”

“பித்தளை விளக்கு. எர்த் கம்பி வேணும். இந்தப் பழங்கட்டடத்துல அது இருக்கற மாதிரியே தெரியலையே.”

“தியேட்டர்ல இருந்துச்சா?”

“இல்ல.”

“அந்த விளக்கால யாராவது செத்தாங்களா?”

“படத்தைப் பாத்து நாலு பேரு செத்திருப்பான். விளக்கால யாரும் இல்ல” என்று சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார்.

தியேட்டர்த் தரையில் கம்பளம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்த உலர்ந்த இருட்டிலேயே வேலை பார்த்த இரண்டு பேருக்கும் அந்த வித்தியாசம் தோன்றவே இல்லை. அன்றைக்குச் சுவரோரத்தில் மஞ்சளாக வெளிச்சம் ஊறியபோது டார்ச் வாசலில் நின்று ரசித்தாள். “இடைவேளை எப்படி வரும்?” என்று கேட்டபடி டீச்சர் குளிக்கப் போனார்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே டீச்சர் சொன்னார்: “கால்ல எறும்பு ஊறுற மாதிரி இருக்குடி.”

டார்ச்சின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதே வார்த்தை. அம்மா சொன்ன அதே வார்த்தை.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஊசிமுனையால் அங்கங்கே தொட்டுப் பார்த்து, “நரம்புதான். சர்க்கரைக்காரங்களுக்கு வர்றதுதான். கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும், கையிலயும் வரலாம். புண்ணு மட்டும் வராமப் பாத்துக்கோங்க” என்றார். டார்ச்சின் காதில் விழுந்தது ‘மேல ஏறும்’ என்பது மட்டும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் சிரிப்பு குறைந்தது. காலையிலும் மாலையிலும் அக்காவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, மிச்சமிருந்த தன் தொழில் டார்ச்சை அடித்து, விரல் இடுக்கு இடுக்காகப் பார்ப்பாள். சோற்றைப் பாதியாக்கினாள். பழத்தை ஒளித்து வைத்தாள்.

“என்னடி, ஜெயில்ல இருக்கறவங்ககூட இதைவிட அதிகமா சாப்பிடுவாங்க” என்று டீச்சர் முணுமுணுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, “குளிக்கிறப்பதான் அப்படி இருக்கு. வெளியில வந்தா சரியாயிடுது” என்றார்.

“பச்சத் தண்ணி ஒத்துக்கல, அதான்” என்று டார்ச் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

வெந்நீரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஒரு நாள், “குழாயைத் திருகினா விரல்லயும் சுருக்குங்குதுடி” என்றார் டீச்சர். இந்த முறை அவர் முகத்தில் கிண்டல் இல்லை. டார்ச் அடுக்களைக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலேயே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்கு ஏறிவிட்டது. டாக்டர் சொன்னபடியே ஏறிவிட்டது.

குளியலறைச் சுவரின் அடியில், டைல்ஸ் இணைப்புகள் கறுத்து வருவதை அவள் பார்க்காமல் இல்லை. விளக்கின் பித்தளை விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததையும் பார்த்தாள். காலுக்கு முன்னால் சுவர் எந்த மூலை? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் அவளுடைய குளியலறைச் செருப்பின் வார் அறுந்தது. வெறுங்காலோடு உள்ளே போய்த் தரையைத் தேய்த்துக் கழுவியவள், தண்ணீர் பிடிக்கக் குழாயில் கை வைத்தாள். உள்ளங்காலில் ஊறியது. விரலிலும் சுருக்கென்றது.

ஓவென்று அலறவில்லை. அப்படியே பின்வாங்கி வெளியே வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்தாள். முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ‘எனக்கும் வந்துடுச்சு.’ அம்மா, அக்கா, இப்போது தானும். அக்காவுக்கு நடக்க முடியாமல் போனால் தூக்கித் திரிய நான் இருக்கிறேன் என்பதுதான் அதுவரை அவளுக்கு இருந்த ஒரே தைரியம். தன் காலும் போய்விட்டால்? ஆளுக்கொரு கட்டிலில் இரண்டு பேரும் கிடப்பது கண்முன் வந்து நின்றது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம் வயிறு சரியில்லை என்றாள்.

காலையில், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தவள், விரலில் பட்ட ரத்தத்தைத் தொட்டியில் கழுவினாள். புழுக்கமாக இருக்கிறதே என்று ஈரக் கையோடு மின்விசிறி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அம்மா! ஈரக் கையால தொடாதீங்க. இந்தச் சுவரே ஷாக் அடிக்குது!” என்று நர்ஸ் அதட்டினார்.

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

சுவரே ஷாக் அடிக்குது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றினாள். ஒன்றும் ஊறவில்லை. நேற்றுக் கூடத்துக்கு வந்ததும் நின்றுபோனது நினைவுக்கு வந்தது. வெளியில வந்தா சரியாயிடுது என்று அக்காவும் சொன்னாளே! சர்க்கரை வியாதி என்ன, குளியலறை வாசலில் காத்துக்கொண்டு நின்று, உள்ளே போகும்போது ஏறிக்கொண்டு, வெளியே வரும்போது இறங்கிக்கொள்ளுமா? இத்தனை நாள் தனக்கு ஊறாதது எதனால்? ரப்பர் செருப்பு. நேற்றுதான் அது அறுந்தது. ஈரச் சுவர், பித்தளை விளக்கு, அக்காவின் வெறுங்கால்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா குளிக்கப் போகிற நேரம்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருவில் இவளுக்கு வழி விடாத ஒரே ஜீவன் போக்குவரத்து விளக்கு, அதையும் மதிக்கவில்லை. கட்டடத்து மாடிப்படி அன்றைக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் “அக்கா, குழாயத் தொடாத, தொடாத” என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, சத்தம்தான் வரவில்லை.

பூட்டுக்குள் சாவி நுழையாமல் ஆட்டம் காட்டியது. கதவு திறந்தபோது குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். வேறு எந்தச் சத்தமும் இல்லை. டீச்சர் குளிக்கும்போது வாய்ப்பாடு முணுமுணுப்பார். அது இல்லை.

“அக்கா!”

பதிலாக ஒரு முனகல். மனுஷக் குரல் மாதிரியே இல்லை.

வாசலருகே இருந்த மெயின் பெட்டி மேல் பாய்ந்தாள். கையில் ஒரு பிடி அகப்பட்டது, இழுத்தாள், கூடத்து மின்விசிறி நின்றது. குளியலறைக் கதவுக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் அப்படியே இருந்தது. இன்னொன்றை இழுத்தாள். மஞ்சள் அணைந்தது. உள்ளே யாரோ தொப்பென்று விழுகிற சத்தம், வாளி உருள்கிற சத்தம்.

 கதவில் காதை வைத்தாள். உள்ளே தாழ்ப்பாள். உடைக்கலாம் என்றால் கதவுக்குப் பின்னால்தான் அக்கா விழுந்திருப்பார்.

“அக்கா, இருக்கியா?”

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இருக்கியாக்கா?”

“…கை வரலடி,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “குழாயைப் புடிச்ச கை… விடவே மாட்டேன்னுச்சு. இப்பதான் விட்டுச்சு. ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு.”

“அவசரப்படாத. சுவரைத் தொட்டுக்க, இப்ப அது ஒண்ணும் பண்ணாது. என் குரல் வர்ற பக்கம் தவழ்ந்து வா. அப்படித்தான். தாழ்ப்பாள் உன் தோளுக்கு நேர.”

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே கைவிட்டு அக்காவை வெளியே இழுத்து, துண்டால் சுற்றி, மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பாதங்களைக் கையில் பிடித்தபடி டார்ச் அழுதாள். முட்டியில் சிராய்ப்பு, உள்ளங்கையில் சிவப்புக் கோடு. அவ்வளவுதான். அவ்வளவோடு போயிற்று.

ஆபரேட்டர் வந்து விளக்கைக் கழற்றியபோது பித்தளைக் கூட்டுக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகியது. அதைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டார். “உங்களைக் கொன்னிருப்பேனேக்கா” என்றார் டீச்சரிடம்.

“கூட்டுக் களவாணி இவ இருக்கா. பழியை ரெண்டா வகுத்துக்கோங்க” என்றார் டீச்சர், கட்டிலில் படுத்தபடியே.

ஒட்டிய டைல்ஸ் எல்லாம் பெயர்க்கப்பட்டன. மேல்வீட்டுக் குழாயின் கசிவு அடைக்கப்பட்டது. சுவர் தன் இஷ்டப்படி காய்ந்து முடிக்கும்வரை டீச்சர் எதிர்வீட்டில் குளித்தார். டார்ச் படியருகே நின்றாள். பிறகு எர்த் கம்பி புதிதாக இழுத்து, மின்கசிவு வந்தால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, தண்ணீர் புகாத மூடிபோட்ட விளக்கை மேல்கூரையில் மாட்டினார்கள். டீச்சரின் பாதம் பத்திரமாக இருக்கிறது. டார்ச்சின் ரத்தத்தில் சர்க்கரையும் இல்லை. அத்தோடு அவளைப் பிடித்திருந்த பயம் தொலைந்தது, அந்த வீட்டில் இப்போது இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எழுதி முடித்து, இதை அவர்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் கையை உயர்த்தினார்.

“கடைசி வரி தப்பு. இன்னிக்கும் நான் குளிக்கப் போனா இவ மெயின் பெட்டிக்குக் கீழ ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கறா. நிமிஷத்துக்கொரு தரம் ‘அக்கா, இருக்கியா’ங்கறா. வாயில தண்ணி இருக்கு, பதில் சொல்ல ஒரு நொடி தாமதமானா போதும், பட்டுனு மெயினை இழுத்துடறா. தலை முழுக்க சோப்போட இருட்டுல நிக்கறது நான். பயம் தொலைஞ்சுதாம். அடிச்சுட்டு சரியா எழுது.”