ஓகே ஆன மூளை

படம் எடுத்துப் பார்க்காத எதன்மேலும் என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரகடத்தில் கார் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில், அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரேயில் பார்த்துப் பிரிக்கிற வேலை அவருக்கு. உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர், என்ஜி, அதாவது ‘நாட் குட்’. தெரியாவிட்டால் பச்சை ஸ்டிக்கர், ஓகே. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான்.

மூன்றாவது படிக்கும் எங்கள் மகள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள். பென்சில், ரிப்பன், டிபன் பாக்ஸ் மூடி எதுவும் பள்ளியிலிருந்து ஒழுங்காகத் திரும்பியதில்லை. காஞ்சிபுரத்தில் குழந்தைகள் மனநல டாக்டரம்மா ஒருவர் அவளோடு பேசினார், என்னைக் கேட்டார், வகுப்பு டீச்சரிடமும் விசாரித்தார். பலமுறை பார்த்த பிறகுதான் ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்புக் குறைபாடு என்றார். வீட்டில் செய்யப் பயிற்சிகள் சொன்னார். பள்ளியில் முன் பெஞ்சும், பரீட்சைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் கேட்கச் சொன்னார்.

"சும்மா பேசியே கண்டுபுடிச்சிட்டாங்களா? ஸ்கேன்ல இன்னா கீதாம்?" என்றார் வீட்டுக்காரர்.

"இது ஸ்கேன்ல தெரியாதாம். வலிப்பு, தலையில அடின்னு வேற சந்தேகம் இருந்தாத்தான் எடுப்பாங்களாம்."

"படத்துல தெரியாத நோவு இன்னா நோவு?"

தலைமை ஆசிரியை அவருக்குச் சளைத்தவர் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால்தான் முன் பெஞ்சாம். அவர் அம்மா வீட்டுச் சீதனம் பாருங்கள், அந்த பெஞ்சு!

என் பேச்சை யார் கேட்டார்கள்? ஸ்கேன் சென்டரில், மெஷினுக்குள் அசையாமல் கிடக்கவேண்டும் என்றார்கள். அசையாமல் இருக்க முடியாததுதான் அவள் பிரச்சினையே. கடைசியில் மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து எடுத்தார்கள். தூங்குகிற பிள்ளையின் தலைக்குள் துறுதுறுப்பைத் தேடிய மகா புத்திசாலிகள்!

நார்மல் என்று வந்தது. வீட்டுக்காரர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு குமிழி இல்ல. ஓகே பீசு!" என்று பிரியாணி வாங்கிவந்தார். கம்பெனியிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கர் கொண்டுவந்து ஃபிலிம் கவரில் ஒட்டவும் செய்தார். காஞ்சிபுரம் போவது அன்றோடு நின்றது.

"மூளை நல்லாத்தானே இருக்கு? அப்ப இது திமிருதான்" என்றார் தலைமை ஆசிரியை. மகளுக்குக் கடைசி பெஞ்சு கிடைத்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிலிமை எடுத்துக்கொண்டு நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன். "ஆராய்ச்சியில நிறையப் பேர் படங்களைச் சேர்த்து வெச்சுப் பார்த்தா சின்னச் சின்ன வித்தியாசம் தெரியலாம்மா. ஒரு குழந்தையோட படத்தை மட்டும் வெச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த வாரம் மகள் முட்டி சிவந்து வந்தாள். கணக்கை முடிக்காததற்கு வகுப்பில் முட்டி போடவைத்திருக்கிறார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஃபிலிம் கவரிலிருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"படத்துல ஒண்ணும் இல்லன்னா, நான் வேணும்னேதான் பண்றேனாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் பேச்சை எடுத்துச் சமாளிப்பது நான்தான். அன்றைக்கு எடுக்கவில்லை.

"உங்களத்தான் கேக்குறா" என்றேன். "சொல்லுங்க."