ஒடிந்த காலோடு ஒரு பூப்பந்தாட்டம்

தபால்காரன் உத்தியோகத்துக்குத் தலை எப்படியிருந்தாலும் பரவாயில்லை, கால் இரண்டும் ஒழுங்காயிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அப்படிப்பட்ட உத்தியோகத்தில் இருந்துகொண்டு காலை ஒடித்துக்கொண்டவன் நான்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம். உச்சிப்புளி தபால் ஆபீசில் எனக்கு வேலை. தினமும் புதுமடம் வரை போய்க் கடுதாசி கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆர்.எஸ்.மங்கலத்து வயல் வரப்பில் நடந்து பழகிய கால் எனக்கு. கடற்கரை மணல் அதற்குப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று. பழகிய பிறகு சாயங்காலத்தில் அது சும்மா இருக்கவில்லை. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பூப்பந்து ஆடப் போனேன். பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, கையில் மட்டை, மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பளிப் பந்து. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்னை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

இதை வாசிக்கிறவர்களில் கையையோ காலையோ இடுப்பையோ முறித்துக்கொண்டு, அப்புறமும் ஆட்டத்தை விட முடியாமல் தவித்தவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தால் சிரிப்பார்கள்.

பந்து எங்கே விழுந்தது?

எங்கள் பக்கத்துக் காப்டன் அந்தோணி. ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுவது அவர் தொழில் என்றாலும், உயிர் பூப்பந்தில்தான் இருந்தது. அன்றைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. நான் பின்வரிசை ஆட்டக்காரன். கடல் காற்று அந்தப் பந்தைத் தள்ளிக்கொண்டே போகிறது, நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போகிறேன். கோட்டுக்கு அந்தப்புறம், அன்று காலையில் யாரோ தென்னங்கன்று வைக்க வெட்டிய குழி ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் பந்துக்குத் தெரியவில்லை.

பச்சைப் பனைமட்டையை முறித்தது மாதிரி ஒரு சத்தம். என் கால்தான். குழிக்குள் கிடந்து அலறினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் அந்தோணி. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். தோளைத் தொட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"வலி இருக்கட்டும் சேது. பந்து கோட்டுக்கு உள்ளயா, வெளியயா? நீதானப்பா கிட்டக்க நின்னு பாத்தது!"

பக்கத்துக் கட்டில்காரர்

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று மாதம் அசையக் கூடாது. "நடக்க முடியும், கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பீர்கள். ஓடுவது, ஆடுவது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்" என்றார் டாக்டர். என் மனைவி பாக்கியம் முதல் பாதியைக் கேட்டு அழுதாள், இரண்டாவது பாதியைக் கேட்டு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் என் மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த வயதில் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பனையேறி. பாதி மரத்திலிருந்து விழுந்து எனக்கு ஆன அதே இடத்தில் அவருக்கும் முறிந்திருந்தது. அவரிடமும் டாக்டர் மரம் ஏறுவதை மறந்துவிடச் சொல்லியிருக்கிறார். ஆனால் மனிதர் வெற்றிலையை மடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். "உங்களுக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டேன்.

"நல்ல டாக்டருதான், கட்டு நல்லாத்தான் போட்டாரு. ஆனா அவரு பனை ஏறியிருக்காரா, பந்துதான் ஆடியிருக்காரா? ஏறுறதும் ஏறாததும் நம்ம காலு சொல்லணும்யா."

ஓடி வந்தவனும் நொண்டி வந்தவனும்

நான் படுத்திருந்த காலத்தில் என் இடத்துக்கு ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயது. சைக்கிள் மிதித்தால் கண்ணுக்குத் தெரியாது. நான் வேலைக்குத் திரும்பிய அன்று போஸ்ட்மாஸ்டர் என்னை உட்கார வைத்து, "ஒரு மாதம் பார்ப்போம். புதுமடம் போய்வர முடியவில்லையென்றால் மேலே எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை" என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மசிக்கூட்டைப் பார்த்தார்.

ஆகவே ஒரு கையில் தடி, தோளில் பை. சைக்கிள் ஏற இன்னும் தைரியம் வரவில்லை. முந்தைய ஆள் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நான் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். புதுமடத்தில் முதல் வீடு மரியம் ராத்தா வீடு. அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். அவருடைய வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் இருந்தார். ராத்தா வாசலிலேயே நின்றிருந்தார். வெயிலில் நின்றது என்னால்தானே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "மன்னிச்சிருங்க ராத்தா, இனிமே இப்படித்தான் தாமதமா வருவேன் போலருக்கு" என்று கடுதாசியை நீட்டினேன். மூன்று மாதமாக வராமலிருந்த கடுதாசி அது. ராத்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள ஓட்டமா ஓடி வரும், கையில ஒண்ணும் இருக்காது. நீங்க நொண்டி நொண்டி வாரீக, கடுதாசி இருக்கு. அல்லா பேரால சொல்றேன் தம்பி, நீங்களே நொண்டுங்க."

சூசை சம்மாட்டி சொன்ன வைத்தியம்

கால் ஒடிந்தவனுக்கு வைத்தியம் சொல்லாதவர் அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. நண்டு ரசம் என்றார் ஒருவர். வெந்நீரில் உப்பு என்றார் இன்னொருவர். திருக்கை மீன் எண்ணெய் தடவச் சொன்னார் மற்றொருவர். அதையும் தடவிப் பார்த்தேன். அந்த நாற்றத்துக்கு ஒரு வாரம் நாய்கள்தான் என்னை வழியனுப்பின.

தங்கச்சிமடத்திலிருந்து பருவத்துக்கு வந்து எங்கள் பக்கம் வலை போடும் வள்ளத்துச் சொந்தக்காரர் சூசை சம்மாட்டி ஒருவர்தான் ஒன்றும் சொல்லாமலிருந்தார். வள்ளத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு, நான் மணலில் வருவதையும் போவதையும் பத்து நாள் பார்த்தார். பதினோராவது நாள் கூப்பிட்டார். "பையை ஏன் ஒடிஞ்ச காலுப் பக்கம் போட்டிருக்கீக? நல்ல காலுப் பக்கத்துத் தோளுக்கு மாத்துங்க. தடியையும் அந்தப் பக்கத்துக் கையிலயே பிடிங்க. நடங்க" என்றார். நடந்தேன். சாய்வு பாதியாகக் குறைந்துவிட்டது! ஒரு வாரத்தில் தடியைப் பாதி வழியில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மாதம் முடியும்போது பத்து மணிக்கே புதுமடம் போய்ச் சேர்ந்தேன். போஸ்ட்மாஸ்டர் மேலே எதுவும் எழுதவில்லை.

நன்றி சொல்லப் போனேன். "இந்த வைத்தியம் எங்கே படிச்சீக?" என்றேன். சம்மாட்டிக்கு நான் கேட்டதே விளங்கவில்லை.

"வைத்தியமா? வள்ளம் ஒரு பக்கமாச் சாஞ்சா பாரத்தை மறுபக்கம் மாத்துவோம். உங்களையும் அப்படித்தான் பாத்தேன், மனுசன்னு பாக்கல."

சுவரோடு ஆட்டம்

நடக்க வந்துவிட்டதா? அப்புறம் கை சும்மா இருக்குமா? பாக்கியம் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் பரணிலிருந்து மட்டையை எடுத்தேன். ஒடிந்த காலோடு பரண் ஏறியதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. அந்த மட்டையை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காலிச் சாக்குகளுக்கு நடுவில் மறைத்துவைத்தேன். காலையில் ரயில் தபால் வருவதற்கு முன்னால் அரைமணி நேரம் கிடைக்கும். ஆபீஸ் பின்சுவரில் பந்தை அடிப்பேன். நின்ற இடத்திலேயே நின்று அடிப்பேன். பந்து இரண்டடி தள்ளிப் போனால் விட்டுவிடுவேன். அந்த இரண்டடிக்குக் கால் வராது. கால் வந்தாலும் மனசு வராது. குழி எதுவும் இல்லாத சிமெண்டுத் தரைதான், ஆனாலும் பின்னால் ஓர் அடி வைக்கப் போனால் வேர்த்துவிடும்.

டப், டப், டப் என்று பதினைந்து நாள் நடந்தது. பதினாறாவது நாள் போஸ்ட்மாஸ்டர் பின்பக்கம் வந்து நின்றார். நான் மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தினமும் சத்தம் கேட்கும். முத்திரை குத்துகிறாய் என்று நினைத்தேன். நம் ஆபீசில் இத்தனை சுறுசுறுப்பு எப்படி வந்தது என்று பயந்துபோய்த்தான் பார்க்க வந்தேன்."

காப்டன் கொடுத்த பதவி

மட்டையோடு நான் பொட்டலுக்குப் போனதும் அந்தோணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனால் ஆட விடவில்லை. நடுவராக உட்காரச் சொன்னார். "நீ இங்கன உக்காந்து பாயிண்டு சொல்லு சேது. உனக்கு இல்லாத மரியாதையா!" என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். ஆட முடியாதவனுக்குக் கிடைக்கும் மரியாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாதம் ஸ்டூலில் இருந்தேன். கோபத்திலோ நேர்மையிலோ, எது என்று எனக்கே தெரியாது, கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே விழுந்த அந்தோணியின் பந்துகளையெல்லாம் வெளியே என்றுதான் சொன்னேன். நாலு சாயங்காலம் வரிசையாகத் தோற்ற பிறகு அவர் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"காலு ஒடிஞ்சப்பவும் எங்களுக்குத்தான் தோல்வி, கூடினப்பவும் எங்களுக்குத்தான் தோல்வி. நீ உள்ள வந்தே தோக்கடிப்பா!"

மண்டபம் ஆட்டம்

அப்படித்தான் உள்ளே போனேன். அது சும்மா ஆட்டமும் இல்லை. மண்டபம் ஸ்டேஷனிலிருந்து ரயில்வேக்காரர்கள் ஆட வந்திருந்தார்கள். எங்களில் ஒருவருக்கு டூட்டி மாறிவிட்டது. ஐந்தாவது ஆளாக நின்றேன். பின்வரிசையில் இல்லை, வலைக்குப் பக்கத்தில். நான் ஆடுகிற செய்தி எப்படியோ பாக்கியத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பனைமரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் செட்டில் மண்டபத்துக்காரர்கள் என் பக்கம் பந்தே போடவில்லை. போட்டாலும் குழந்தைக்குப் பழம் கொடுக்கிற மாதிரி மெதுவாக. எனக்குக் காது சுட்டது. "அண்ணே, நான் ஆட வந்திருக்கேன், ஆசீர்வாதம் வாங்க வரல" என்று கத்தினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தும் என்மேல்தான் வந்தது. நாலு எடுத்தேன், ஏழு விட்டேன். முதல் செட் போயிற்று.

இரண்டாவது செட் நடுவில் ஒரு பந்து என் தலைக்குமேல் உயர்ந்தது. அதே உயரம், அதே காற்று. ஆட்டத்திலிருந்த ஒன்பது பேரும் நான் விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கால் பின்னால் போய்விட்டது. ஓரடி, இரண்டடி, மூன்றடி. மட்டை பந்தில் பட்டது. பந்து வலையைத் தாண்டியதா என்று நான் பார்க்கவில்லை. மல்லாந்து விழுந்துவிட்டேன்.

யாரும் கிட்டே வரப் பயந்தார்கள். அந்தோணிகூடப் பந்தைக் கேட்கவில்லை. நான் கட்டை விரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. முழங்காலை மடக்கினேன். மடங்கியது. கையை ஊன்றி எழுந்தேன், வேட்டியில் மண்ணைத் தட்டினேன். அப்புறம்தான் கைதட்டினார்கள். நல்ல ஆட்டக்காரனாக நான் இருந்த காலத்தில்கூட யாரும் எனக்கு அப்படிக் கைதட்டியதில்லை. இரண்டாவது செட்டும் தோற்றோம். தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம் எனக்கு.

வீட்டுக்குப் போகும்போது பாக்கியம் என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். திட்டு எங்கே ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டே வந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மட்டையை என் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க அடிச்சதெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியலை. விழுந்தீங்க, ஒத்தையா எந்திரிச்சீங்க. அது போதும். நாளைக்கும் போங்க, ஆனா தோத்துட்டு இம்புட்டு சிரிச்சுக்கிட்டு வராதீங்க, ஊருக்குள்ள ஒரு மாதிரியாப் பேசுவாக."

காலை ஒடித்துக்கொண்ட என் தோழர்களே, அனுபவத்தில் சொல்கிறேன்: எலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் போதும், யோசனை சொல்ல வந்து கூடியவர்கள் கலைவதற்குத்தான் மூன்று வருஷம் ஆகிறது.