அண்ணரின் படகும் என்னுடைய ஜீப்பும்

என் அண்ணரிடம் ஒரு பாய்ப்படகு இருந்தது. என்னிடம் ஒரு ஜீப் இருந்தது. சண்டைக்காலத்தில் திருகோணமலையில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உல்லாசம் போன குடும்பம் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு மறை கழன்றுவிட்டது என்று அயலில் கதைத்தார்கள். அதில் பெரிய பிழையில்லை.

படகு எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போனது. யாரோ அதைக் கவிழ்த்துக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். அண்ணர் அதை வாங்கி, ஓட்டைகளை அடைத்து, அண்ணியைக் கொண்டு பாய் தைப்பித்துத் தண்ணீரில் இறக்கினார். நான் ஜீப்பின் எஞ்சினைக் கழற்றிக் குசினி வாசலில் பரப்பி, மாதக்கணக்காக உட்கார்ந்து பூட்டினேன். பச்சையாக இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சுட்டுவிடும் என்று மஞ்சள் அடித்தேன். படகைக் கண்டவர்கள் கை தட்டினார்கள். ஜீப்பைக் கண்டவர்கள் சிரித்தார்கள்.

துறைமுகத்துக்குள் எங்களைப் போன்றவர்கள் கால் நனைக்கவும் முடியாது. அதனால் படகு கப்பல்துறை என்ற ஊருக்கு அப்பால், கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் களப்பின் கரையில் கிடந்தது. கண்டி வீதியிலிருந்து அங்கே போக ஒழுங்கான பாதை இல்லை. பற்றைக்காடு, இரண்டு வாய்க்கால், நடுவில் ஒரு பெரும் பள்ளம். நாலு சில்லும் சேர்ந்து இழுத்தால்தான் கரையைக் காணலாம். ஞாயிறுதோறும் ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து அண்ணரையும் அண்ணியையும் என்னுடைய பத்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது நான்தான். என் ஜீப் இல்லாவிட்டால் அந்தப் படகுக்கு ஆள் போய்ச் சேராது. இதை அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, அதனால் இன்றைக்கு நானே சொல்லி வைக்கிறேன்.

படகு மூன்று பேரைத்தான் தாங்கும். நான் ஏறினால் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். என் மனைவிக்குத் தண்ணீரைக் கண்டாலே தலைசுற்று, அவள் வீட்டில் நின்றுவிடுவாள். ஆக, நான் கரையில் ஜீப்புக்குள் இருந்து வெள்ளைப் பாய் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் சிரிக்கும் சத்தம் கரைவரைக்கும் கேட்கும். ஜீப்பில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அண்ணருக்குப் பிள்ளையில்லை. அதைச் சொல்லித்தான் என் மனைவி என்னை அடக்கப் பார்ப்பாள்.

“அந்த மனுசனுக்கு எங்கட பிள்ளையை விட்டா ஆர் இருக்கினம்? கிழமையில ஒரு நாள்தானே. விடுங்கோவன்.”

என்னால் விட முடியவில்லை. வயிறு எரிந்தது. படகு ஒழுகினால் எல்லோரும் சிரித்துக்கொண்டே தண்ணீர் இறைப்பார்கள். ஜீப் நின்றுபோனால் மூஞ்சியை நீட்டுவார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. எங்கள் குடும்பத்தில் மருமகள் நான்தான்.

அந்தக் கரையில் ஒரு ராணுவக் காவலரண் இருந்தது. சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்கள் என்பதால் பகலில் படகோட்டப் பாஸ் கொடுத்திருந்தார்கள். பாஸ் அண்ணரின் பெயரில் இருந்தது. படகு இறங்கும்போது காவலில் நிற்பவர் பக்கப்பலகையில் வெண்கட்டியால் தலைக்கொரு கோடு போடுவார். திரும்பி வந்து அத்தனை தலையும் காட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். ஒரு தலை குறைந்தால் அந்த ஆள் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டதாக அர்த்தம், பாஸ்காரர் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பதில் சொல்லப் போய்த் திரும்பி வராத ஆட்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு ‘நான் போன பயணம்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தார்கள். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பாய், சுக்கான், மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று, பெரியப்பா சொன்ன பகிடி, பெரியப்பா காட்டிய மீன். ஜீப்புக்கு இரண்டு வசனம்: ‘நாங்கள் அப்பாவின் ஜீப்பில் போனோம். தலை இடித்தது.’ ஆசிரியை பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். நான் அந்தக் கொப்பியை மூன்று தரம் வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் குறிஞ்சாக்கேணிக்குப் பாய் விரித்தார்கள். அங்கே களப்போரத்தில் அண்ணரின் சிநேகிதர் ஒருவர் இருந்தார், போனால் எருமைத்தயிரும் மத்தியானச் சாப்பாடும் நிச்சயம். பாய் மறைந்ததும் நான் ஜீப்பைத் திருப்பினேன். களப்பைச் சுற்றித் தரையால் குறிஞ்சாக்கேணிக்குப் போவது, அங்கே மகளை ஏற்றிக்கொண்டு அதே வழியால் திரும்புவது. இதுதான் என் திட்டம். இதற்குப் பிறகு எவள் தலை இடித்தது என்று எழுதுவாள், பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டேன்.

வரம்பால் ஓடினேன், வாய்க்காலுக்குள் இறங்கினேன், எருமைக் கூட்டத்துக்கு நடுவில் அரைமணித்தியாலம் நின்றேன். வயலுக்குள் நின்ற ஒருவர், “தம்பி, உழவு மெசினே இதால போகாது!” என்று கத்தினார். எனக்கு அது வாழ்த்தாகக் கேட்டது. குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர்ந்தபோது காதுவரை சேறு. அவர்கள் சாப்பிட்டு முடித்துப் புறப்பட ஆயத்தமாக நின்றார்கள்.

“டேய், இதால எப்பிடியடா வந்தனீ?” என்று அண்ணர் ஓடி வந்தார். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, சில்லில் ஒட்டியிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தார். உண்மையான வியப்பு அது. அதோடு நான் நின்றிருக்கலாம்.

“பிள்ளை என்னோட வரட்டும்,” என்றேன்.

அண்ணர் படகின் பக்கப்பலகையைக் காட்டினார். மூன்று கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. “அங்க மூண்டு தலை காட்டவேணும், தம்பி.”

“கச்சானுக்கு எதிரா ஓடிப்போக உங்களுக்கு மூண்டு மணித்தியாலம் எடுக்கும். எனக்கு இப்ப வழி தெரியும். நீங்கள் கரைக்கு வரேக்க பிள்ளை அங்க நிப்பாள்.”

“காத்து மாறினா?”

“நான்தானே அவளின்ர அப்பா,” என்றேன்.

அவர் கேட்டது காற்றைப் பற்றி. நான் சொன்ன பதில் அவருக்கு எங்கே குத்தும் என்று தெரிந்தே சொன்னேன். அண்ணரின் முகம் ஒருதரம் சுருங்கி விரிந்தது. “சரி, கூட்டிக்கொண்டு போ. சுணங்காத,” என்று மட்டும் சொன்னார்.

மகள் முதலில் உம்மென்று இருந்தாள். முதல் வாய்க்காலில் தண்ணீர் எழும்பி எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. அவள் சிரித்தாள். களப்புக்கு நடுவிலிருந்து ஞாயிறுதோறும் எனக்குக் கேட்ட அதே சிரிப்பு. இவ்வளவு நாளும் அது அண்ணருக்கே உரியது என்று நினைத்திருந்தேன்.

வந்த வழியே போயிருந்தால் நேரத்துக்குச் சேர்ந்திருப்போம். நடுவில் ஒரு காய்ந்த புற்தரை வந்தது. ஜீப்பை அதற்குள் இறக்கி வட்டமடித்தேன். பிறகு ஸ்டியரிங்கை அவள் கையில் கொடுத்து, நான் கியரை மட்டும் பார்த்துக்கொண்டேன். “இன்னொருக்கா, அப்பா!” என்றாள். அடித்தேன். திரும்பவும் “இன்னொருக்கா.” பக்கத்து வயலில் காலையில் கிழக்கே சாய்ந்திருந்த நெல் அப்போது மேற்கே சாய்ந்து நின்றதைக் கண்டேன். கச்சான் விழுந்துவிட்டது. கடற்காற்று ஏறிவிட்டது. அண்ணரின் படகு இந்நேரம் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பறக்கும். இதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் இன்னும் இரண்டு வட்டம் அடித்தேன்.

கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படகு பாய் இறக்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அண்ணி மணலில் குந்தியிருந்தார். காவலரணுக்கு முன்னால் அண்ணர் முழங்காலில் நின்றார். இரண்டு கையும் பிடரியில். வாராவாரம் அவரிடம் தயிர் வாங்கித் தின்ற காவல்காரர்தான் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

“மூணு போனது. ரெண்டு வந்தது,” என்றார் என்னிடம், நான்தான் கணக்குப் பிழைத்த ஆள் என்பதைப்போல.

“மூண்டு மணியில இருந்து இப்பிடித்தான்,” என்றார் அண்ணி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “பிள்ளை தேப்பனோட வாறாள் எண்டு எத்தினை தரம் சொல்லியாச்சு. நம்பேல்லை. இப்ப கொண்டுபோக வாகனத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கினம்.”

அவர்களின் பெரியவர் ஒருவர் வாகனத்தில் வந்து இறங்கினார். காவல்காரர் மகளைச் சுட்டிக்காட்டி மூன்று என்றார். ஏன் பிந்தியது என்று பெரியவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணர் முழங்காலில் நின்றபடியே, “பிழை என்ர. தம்பிக்கு நேரம் சரியாச் சொல்லேல்லை,” என்றார். பெரியவர் பாஸை வாங்கி இரண்டாகக் கிழித்தார். இனிப் படகு இறக்கக்கூடாது என்றார். அவ்வளவோடு விட்டது எங்கள் அதிர்ஷ்டம். பக்கப்பலகையிலிருந்த கோடுகளை ஒருவரும் துடைக்கவில்லை.

அண்ணரால் உடனே எழும்ப முடியவில்லை. நான் தூக்கப் போனேன். அதற்குள் மகள் என்னைத் தாண்டி ஓடிப்போய், அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டாள்.

“நோகுதா, பெரியப்பா?”

“இல்லையம்மா. ஜீப் ஓட்டம் எப்பிடி?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலைமயிரில் வாய்க்கால் சேறு இன்னும் காயவில்லை.

“தலை இடிச்சது, பெரியப்பா,” என்றாள்.

வெட்கப்பட வேண்டிய இடம் அது. வெட்கம் பிறகு வந்தது, இன்றைக்கும் வருகிறது. ஆனால் அண்ணர் அப்படி நொண்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் எனக்கு முதலில் எரிந்தது வயிறுதான்.